மிசினுக்குள் மீன் எண்ணெய்

ராசா,

கல்யாணப் பத்திரிகைக் கட்டும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பத்திரிகை நன்றாக இருக்கிறது. கடிதம்தான் நன்றாக இல்லை. கோபப்படாதே. கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. வளர்மதியிடம் நம் வீட்டுக் கதையைச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். உன் அய்யா கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவியே வெல்டிங் மிசினைச் சரிசெய்த அந்தக் கதை. சொல்லி முடித்துவிட்டு, "நானும் அவர் பிள்ளைதான், வீட்டில் எது கெட்டாலும் நானே பார்த்துக்கொள்வேன், நீ ஒன்றையும் தொட வேண்டாம்" என்றாயாம். அவள் சிரித்தாளாம். நாளைக்கு உன்னோடு குடித்தனம் நடத்தப் போகிறவளுக்கு நீ முதன்முதலில் கொடுத்த பரிசு, ஒன்றையும் தொடாதே என்கிற உத்தரவு. அதற்கு ஆதாரமாக நீ காட்டியது ஒரு பொய்க் கதை. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் சமையலைக்கூட உன் தங்கையிடம் விட்டுவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த பாம்பன் வேறு, நாங்கள் வந்து இறங்கிய பாம்பன் வேறு. கரண்டு வந்த புதிது. மீன்பிடிக் கரையான தெற்கு வாடியில் பாய்மரப் படகுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு என்ஜின் வைத்த லாஞ்சுகள் அப்போதுதான் தலைகாட்டின. மதுரையில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகியிருந்த உன் அய்யா, லாஞ்சு பெருகினால் இரும்பு வேலையும் பெருகும் என்று கணக்குப் போட்டுத் துணிந்து இங்கே வந்து ஷெட் போட்டார். ஊர்க்காரர்களுக்குக் கரண்டில் இரும்பை ஒட்டுவது என்றாலே நம்பிக்கை இல்லை. கொல்லன் உலையில் அடித்து ஒட்டினால்தான் இரும்பு, மற்றதெல்லாம் கண்கட்டு வித்தை என்பார்கள். ஆறு மாதத்தில் வந்த வேலையெல்லாம் இரும்புக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஒரு தேவாலய கேட். லாஞ்சு வேலை ஒன்றுகூட வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்ப்பது, இல்லாவிட்டால் அவர் மதுரைக்கே திரும்பிப் போய் இன்னொருவர் பட்டறையில் நிற்பது, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தேவிபட்டினத்தில் என் பிறந்த வீட்டில் கிடப்பது என்று முடிவாகியிருந்தது. உனக்கு அப்போது ஏழு மாதம். முடிவைப் பற்றி உன்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மரைக்காயர் வந்தார். கீழக்கரைக்காரர், அவருடைய லாஞ்சு பாம்பனில் கிடந்தது. லாஞ்சுக்கு அடியில் சுழலும் விசிறியின் தண்டைத் தாங்குகிற இரும்பு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்திருந்தது. அதைக் கழற்றி இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார். "தம்பி, சனிக்கிழமை அமாவாசை. தண்ணி ஏறுற அன்னைக்குத்தான் லாஞ்சை எறக்க முடியும். விட்டா அடுத்த பௌர்ணமி வரைக்கும் மண்ணுலதான் கெடக்கணும். ஒட்டித் தர ஏலுமா, ஏலாதா? ஏலாதுன்னா இப்பவே சொல்லிரு, மண்டபத்துக்குக் கொண்டு போயிறேன்" என்றார். உன் அய்யா இரும்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிருங்க" என்றார். மற்ற லாஞ்சுக்காரர்கள் எல்லாரும் இந்த ஒரு இரும்பு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒட்டி நின்றால் நமக்கு இந்த ஊர். நிற்காவிட்டால் மதுரை.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினார். மிசின் அன்றைக்கென்று முரண்டு பிடித்தது. வெல்டிங் ராடை இரும்பில் வைத்தால் பொறி பிடிக்கும், இரண்டு விரல் தூரம் ஓடும், செத்துப்போகும். மறுபடி வைத்தால் மறுபடி அதே கதை. ஒவ்வொரு முறையும் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடியைப் பிடிப்பதும் எடுப்பதுமாக அலுத்துப்போய், கடைசியில் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு வெறும் கண்ணாலேயே ராடை உரசி உரசிப் பார்த்திருக்கிறார். மிசினுக்குள் டிரான்ஸ்பார்மர் காயிலிலிருந்து வெளியே உள்ள போல்ட்டுக்கு வருகிற லீடு ஒன்று உண்டு. விரல் தடிமன் செம்புக் கற்றை. வெல்டிங்குக்கு வேண்டிய கரண்டு முழுக்க அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். கடல் காற்றில் போல்ட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் களிம்பு ஏறி, இழை இழையாக அறுந்து, பாதிதான் மிச்சம் இருந்தது. சாயங்காலம் அந்தப் பாதியும் போனது. அதற்குள் அவர் கண்ணும் போய்விட்டது. கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல இருக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இமை வீங்கித் திறக்கவில்லை, தண்ணீராய் ஊற்றியது.

வெல்டர் கண்ணுக்கு இந்த ஊரிலும் மருந்து ஒன்றுதான், மதுரையிலும் மருந்து ஒன்றுதான். பிள்ளை பெற்றவளின் பால். வேறு வீடுகளில் பக்கத்துத் தெருவில் போய்ச் சங்கை நீட்டி வாங்கி வருவார்கள். நம் வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. உன்னை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு, அவர் தலையை இன்னொரு பக்கம் மடியில் வைத்து, இரண்டு கண்ணிலும் பீச்சிவிட்டேன். நீ குடிப்பதை நிறுத்திவிட்டு, உன் சொத்தில் பங்கு கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாய். கண்ணுக்கு மேல் ஈரத் துணியைக் கட்டிக் கட்டிலில் படுக்கவைத்தேன். வலியிலும் அவர் "வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை" என்று மட்டும் முனகினார்.

திங்கட்கிழமை போயிற்று. கண் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான்தான் சொன்னேன். "லீடுதான அந்து போச்சு? நீங்க சொல்லுங்க, நான் கட்டுறேன்." அவர் கையை நீட்டி, "ஏ புள்ள, மொதல்ல பீஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில குடு" என்றார். கரண்டு வருகிற வழியில் இருக்கும் அந்தப் பீங்கான் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை இறுக்கப் பிடித்துக்கொண்டு மிசின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். அது தன் கையில் இருக்கிறவரை மிசினில் கரண்டு இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். நான் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து, தெரிகிறதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கரிந்த நுனியை வெட்டியதும் போல்ட்டுக்கு மூன்று விரல் தூரம் எட்டவில்லை. பழைய வெல்டிங் கேபிளில் ஒரு முழம் வெட்டி, அதைக் காயில் பக்கத்துக் கற்றையோடு சேர்க்க வேண்டும் என்றார். "எப்படிச் சேக்கணும்?" என்று கேட்டேன். "இறுக்கமா, எவன் இழுத்தாலும் வராத மாதிரி" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழுத்தாலும் வராமல் கட்டுவதைக் கடற்கரையில் பிறந்த எனக்கு ஒரு ஆள் சொல்லவேண்டுமா? எட்டு வயதிலிருந்து நங்கூரக் கயிறு சேர்த்தவள் நான். இரண்டு நுனியையும் புரி புரியாகப் பிரித்து, ஒன்றின் புரியை மற்றதின் புரிக்குள் செருகி, ஒன்று விட்டு ஒன்று மூன்று சுற்றுக் கோத்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் இரண்டு கயிறும் ஒன்றாகிவிடும். எங்கள் வத்தைப் படகில் நான் சேர்த்த கயிறு எந்தக் காற்றிலும் அறுந்ததில்லை. செம்புக் கற்றையும் புரிமுறுக்காகத்தான் இருந்தது. பிரித்தேன், செருகினேன், கோத்தேன். பழக்கதோஷத்தில், கயிற்றுக்குச் செய்வது போலக் கடைசியில் கொஞ்சம் மீன் எண்ணெயைத் தொட்டுத் தடவி உள்ளங்கையால் உருட்டினேன். அதன் மேல் நாடாவைச் சுற்றி நூலால் வரிந்தேன். அவர் கையில் கொடுத்தேன். ஒரு காலை மிசினில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. "கைகாரி" என்றார். அந்தச் சொல்லை அன்று முழுவதும் நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை அவர் கண் கீற்றாகத் திறந்தது. இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்றால் கேட்கிற ஆளா? கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ராடை வைத்தார். பொறி நன்றாகப் பிடித்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மரைக்காயர் வந்து வாசலில் நின்றார், அவரோடு இன்னும் இரண்டு லாஞ்சுக்காரர்கள். அந்த நேரம் பார்த்து மிசினின் மூடி ஓட்டையிலிருந்து புகை கிளம்பியது. புகையோடு ஒரு வாசனை. மரைக்காயர் மூக்கைச் சுளித்து, "என்ன தம்பி, மிசினுக்குள்ள மீன் பொரிக்கிறியா?" என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். வீட்டையும் ஷெட்டையும் பிரிக்கிற தட்டியோரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது என்ன வாசனை என்று உடனே தெரிந்துவிட்டது. உன் அய்யாவுக்கும் புரிந்துவிட்டது. வெல்டர் எவனும் லீடுக்கு மீன் எண்ணெய் தடவ மாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் மிசினை நிறுத்தினார். தட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் கட்டுனேன். கண்ணு தெரியாம எதையோ எடுத்துத் தடவிட்டேன்" என்றார்.

மரைக்காயருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கண்ணு தெரியாதவன் எதுக்குல வெல்டிங்குக்கு வார? என் லாஞ்சு மண்ணுல கெடக்கு, நீ வெளையாடிக்கிட்டு இருக்க" என்று கத்தினார். பிறகு கொஞ்சம் அடங்கி, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாரேன். ஒட்டியிருந்தா ஒட்டுன இரும்பை எடுத்துக்கிட்டுப் போறேன். இல்லாட்டி ஒடஞ்ச இரும்பை எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் வெல்டருக்குக் கண் அவிந்துபோனது என்று வாடி முழுக்கப் பேச்சு. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பயமா என்று கேட்டால் பயம் இல்லை. மரைக்காயர் என்னை என்ன செய்துவிடுவார்? மானம்தான். எதைக் கட்டினாலும் அவள் கட்டினால் நிற்கும் என்று பெயர் எடுத்தவள், செம்புக் கம்பிக்கு மீன் எண்ணெய் தடவிய முட்டாள் என்று ஊர் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கர்வத்துக்காக உன் அய்யாவைக் குருடர் ஆக்கினேன். இதை விடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டது நான்தான். தப்புச் செய்தவளுக்குத்தான் குரல் உயரும். "எதுக்கு நீங்க ஏத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். கண் மறுபடி வீங்கி மூடிவிட்டது அவருக்கு, முன்னைவிட மோசமாக. படுத்தபடியே, "பின்ன உன்னைக் காட்டிக் குடுக்கவா? இழுத்துப் பாத்துச் சரின்னது நாந்தான. கரண்டு என்ன நங்கூரமா இழுக்குறதுக்கு?" என்றார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. போய் மூடியைத் திறந்து நாடாவைப் பிரித்தேன். என் சேர்மானத்தை இழுத்தேன், வரவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளினேன், பொலபொலவென்று விரிந்தது. கயிறு இழுபடும்போதுதான் இறுகும், இழுக்காவிட்டால் சும்மா கிடக்கும். மிசினுக்குள் அதை யார் இழுக்கப் போகிறார்கள்? ஓடுகிறபோது மிசின் ரீங்கரித்து அதிர்கிறது, அந்த அதிர்விலேயே இழைகள் நெகிழ்ந்து, தொட்டும் தொடாமலும் நின்று சூடேறி, எண்ணெய் கரிந்து, எல்லாம் போயிற்று. நான் அழுக்கைச் சுரண்டவும் இல்லை. பச்சைக் களிம்போடு அப்படியே கோத்திருந்தேன். ஈயம் பூசக் கொடுக்கும் பாத்திரத்தைக்கூடப் பளபளவென்று துலக்காமல் கொடுக்கமாட்டேன். இதில் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

பாத்திரம் என்றதும்தான் வழி தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் ஈயம் பூசுகிறவரிடம் போய் ஒரு கட்டி ஈயமும் ஈயம் பிடிப்பதற்காகத் தூவுகிற நவச்சாரம் கொஞ்சமும் வாங்கினேன். பாத்திரம் எங்கே தாயி என்று கேட்டார். பின்னால் வருகிறது என்றேன். என் சீரில் வந்த செம்புத் தவலை ஒன்று நசுங்கிக் கிடந்தது, அதன் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குத் தகடு வெட்டி எடுத்தேன். உன் அய்யா பழையபடி பீஸ் கட்டையை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நீ அவர் காலடியில் பாயில் கிடந்து தவலையின் மிச்சத்தைத் தட்டி ஊரைக் கூட்டினாய். கரிந்ததை நல்ல செம்பு தெரிகிறவரை வெட்டினேன். இரண்டு நுனியையும் பிரித்து ஒவ்வொரு இழையையும் உப்புத்தாளால் தேய்த்தேன். உச்சிப்பொழுது வரை அதுதான் வேலை. பிறகு பின்னவில்லை. இரண்டு விரிந்த கையைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, மேலே அந்தத் தகட்டைக் குழாயாகச் சுற்றி, இரும்புத் துண்டில் வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் அடித்து இறுக்கினேன். காயில் பக்கம் சூடு ஏறாமலிருக்க ஈரத் துணியைச் சுற்றினேன். ஊதுவிளக்கைப் பற்றவைத்துத் தகட்டைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி ஈயக் கட்டியைத் தொட்டதும், அது உருகி இழைகளுக்குள் தானாக உறிஞ்சிக்கொண்டு ஓடியது. நான் சொல்லச் சொல்ல அவர் கண் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். "நவச்சாரம் மிச்சம் இருந்தா செம்பைத் தின்னுரும், வெந்நித் துணியால நல்லாத் தொடச்சிரு" என்றார். துடைத்து, காயவைத்து, நாடா சுற்றி, வார்னிஷ் பூசினேன்.

இந்த முறை அவர் இழுத்துப் பார்க்கவில்லை. பீஸ் கட்டையைக் கொடுத்து மாட்டச் சொன்னார். கண் கட்டோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, என் கையில் ராடையும் முகத்துக்குக் கண்ணாடியையும் கொடுத்து, ஒரு பழைய இரும்பில் உரசச் சொன்னார். நான் முதன்முதலாகப் பொறி பிடித்தது அன்றைக்குத்தான். ராடு போய் இரும்பில் ஒட்டிக்கொண்டது, பிடுங்கினேன், மறுபடி பிடித்தேன். வேலை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு முழு ராடு கரையும் வரை மிசின் நிற்கவில்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து இணைப்பின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பு மட்டும்தான். அவர் கையை இழுத்து அதன் மேல் வைத்தேன். வெகுநேரம் எடுக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வெள்ளிக்கிழமை காலையில் கண் கட்டை அவிழ்த்துவிட்டு, தெரிந்த கீற்றுக் கண்ணை வைத்துக்கொண்டு, பாங்கு கேட்பதற்கு முன் இரும்பை ஒட்டி முடித்தார். ஜும்மா முடிந்து வந்த மரைக்காயர் பெரிய சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்துப் பார்த்தார். சம்மட்டிக்காம்புதான் பிளந்தது. சனிக்கிழமை லாஞ்சு தண்ணீரில் இறங்கியது. அதன் பிறகு நாம் மதுரையைப் பற்றிப் பேசவில்லை.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்கவேண்டும். மரைக்காயர் இரும்பைத் தூக்கும்போது, "கண்ணு தெரியாமலே மிசினைச் சரி பண்ணிட்டியே தம்பி, மாஷா அல்லாஹ்" என்றார். உன் அய்யா உடனே சொன்னார். "நான் இல்ல மரைக்காயரே, என் பொஞ்சாதி கட்டுனது." கூடி நின்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கேலி செய்தார்கள். புதன்கிழமை அவர் பொய் சொன்னார், கேட்டவுடன் நம்பினார்கள். வெள்ளிக்கிழமை நிஜத்தைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. நான் அதே தட்டியோரம் நின்றேன். ஆமாம், நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. நல்ல கட்டு என்னுடையது என்றால், அப்போது அந்த மீன் எண்ணெய்க் கட்டு யாருடையது என்று அடுத்த கேள்வி வருமே. ஒன்றை மறைக்க இன்னொன்றையும் விட்டுக்கொடுத்தேன். அடக்கமான பெண்பிள்ளை என்று எனக்குப் பெயர் வேறு வந்தது.

அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், உனக்கே தெரியும். ஷெட்டுக்கு வருகிறவர்களிடம், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், உன் பள்ளிக்கூட வாத்தியாரிடம். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. நீயும் அவர் தோளில் தொங்கிக்கொண்டு, "அய்யா பொய் சொல்றாரு, அம்மாவுக்கு மிசினே தெரியாது" என்று சிரிப்பாய். உனக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். உன் தங்கை ரேடியோவைப் பிரித்துக் கெடுத்துவைத்த அன்று, நான்தான் பிரித்தேன் என்று நீ முன்னால் வந்து நின்றாய். அய்யா உன்னை அடித்தார். தங்கை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் எல்லாம் எப்பேர்ப்பட்ட அண்ணன் என்று உன்னைக் கொண்டாடினார்கள். நான் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றவளையே பார்த்தேன். அவள் முகத்தில் நன்றி இல்லை. அவள் அதற்கப்புறம் ஒரு மிசினையும் தொடவில்லை. தப்புச் செய்தாவது ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பாள், நீ அவள் தப்பையும் பிடுங்கிக்கொண்டுவிட்டாய். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

இப்போது சொல்கிறேன். வளர்மதியை ஒன்றையும் தொட வேண்டாம் என்று சொல்லாதே. தொடட்டும். கெடுக்கட்டும். கெடுத்தால், அவள் கெடுத்தாள் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கட்டும், மறுநாள் அவளே சரிசெய்யும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல். ஊர் முன்னால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் தப்பை உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அதில் பெருமை முழுக்க உனக்குத்தான் வரும், அவளுக்கு வாயடைப்புத்தான் மிஞ்சும். உன் அய்யா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவரைப் போல ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் புதன்கிழமை அவர் திரும்பி என்னைப் பார்த்து, "ஏ புள்ள, இங்கன வா, என்னத்தைத் தடவுன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தால், நான் வெட்கத்தில் செத்திருப்பேன், மறுநாள் எழுந்து இரண்டாவது கட்டைப் போட்டிருப்பேன், வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் நின்றிருப்பேன். அதே மாதிரி உனக்கும் நாளைக்கு ஒன்று கெடும். கெடுத்தது நீ என்றால் அவள் அதை மூடி மறைக்க விடாதே. எதையும் சரிசெய்கிற மேஸ்திரி என்று நீ பாலிஷ் போட்டு வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் கறுக்க விடு.

இவ்வளவையும் எழுதி முடித்து, உன் அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவருக்குப் பொடி எழுத்துத் தெரிவதில்லை, நான்தான் எல்லாம் படிக்கிறேன். மீன் எண்ணெய் வருகிற இடத்தில் சிரித்தார். முடித்ததும், கல்யாணப் பந்தலில் எல்லாரும் கூடியிருக்கும்போது நானே எழுந்து இதைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கேட்டார். "ரெண்டாவது கட்டை மட்டும் சொல்லு புள்ள. மொதக் கட்டு என் பேருலயே இருந்துட்டுப் போகட்டும். இத்தனை வருசமா பழகிருச்சு."

முதல் கட்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா